அந்த நெல்லை அவிக்காதே, மகனே

அன்புள்ள மகனுக்கு, வெள்ளத்துக்கும் வெள்ளத்துக்குப் பின்னால் வருகிற காய்ச்சலுக்கும் கர்த்தர் உன் வீட்டைத் தப்புவிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. முதலில் இங்குள்ள நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். அவற்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வேறு எதையும் எழுத எனக்கு ஓடாது. உன் அக்காளுடைய மூத்தவள் எஸ்தர் பரீட்சையில் வகுப்புக்கே முதலாவதாக வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துத் துரைசானி அம்மாளே வீடுவரை நடந்துவந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்மோனியம் வாசிக்கிறான். பாட்டு எங்கே இழுத்தாலும் அவன் விரல் இழுக்காது. உன் தங்கையின் கடைக்குட்டிக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, ஆனால் அழுகையில் சபை முழுவதற்கும் அவனுக்கு ஈடு கிடையாது. பிரசங்கத்தையே நிறுத்திவிட்டான் என்றால் பார்த்துக்கொள். உன் மகன் தமிழும் மலையாளமும் இரண்டும் தடுக்காமல் வாசிக்கிறான், வள்ளமும் தனியாகத் துடுப்புப் போட்டுத் துழைகிறான் என்று நீ எழுதியதை நான் இந்த ஊரில் சொல்லாத ஆள் இல்லை. கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்கிறேன் என்று உன் அக்காள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவளுக்குப் பேரப்பிள்ளைகளைத் தவிர வேறு என்ன பட்டம் இருக்கிறது?

உன்னைப் பற்றிய பெருமையும் எனக்குக் குறைவில்லை. குட்டநாட்டில் வரம்பு உடைந்து ஊர்கள் தண்ணீருக்குள் கிடக்கின்றன என்றும், பள்ளிக்கூடத்தையே சத்திரமாக்கிச் சோறு போடும் பொறுப்பைத் தலைமை வாத்தியாரான உன் தலையில் வைத்திருக்கிறார்கள் என்றும் நீ எழுதிய கடிதம் வந்ததும், பக்கத்து வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். அதில் ஓரிடத்தில் நீ இப்படி எழுதியிருந்தாய்: இங்கே கையில் தானியம் கொடுத்தால் கள்ளுக்கடைக்குப் போய்விடுகிறது, அதனால் வெள்ள வருசத்தில் அம்மாவும் அப்பாவும் செய்தது போலவே கஞ்சியாக மட்டும் கொடுக்கிறேன், இப்போது வள்ளங்களில் வந்து இறங்கியிருக்கிற நெல்லை எல்லாம் அடுத்த வாரம் மொத்தமாக அவித்துவிடப் போகிறோம் என்று. அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திக் கடிதத்தை மடித்துவிட்டேன். பெருமையில் மேலே வாசிக்க முடியவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். உன்னிடம் சொல்கிறேன் மக்களே, பெருமை இல்லை. நம் வீட்டில் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஒரு கதை உன்னைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறதே என்ற பயம். அந்தக் கதையின் பாதியை மட்டும் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். நெல் உலைக்குப் போவதற்கு முன்னால் மற்றப் பாதியும் உன் கைக்கு வந்து சேர வேண்டும். அஞ்சலில் போட்டால் சுற்றிக்கொண்டு வரும் என்று, ஆலப்புழைக்குக் கயிறு வாங்கப் போகிற நம் சபைக்காரர் ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். இதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. உன் மனைவியும் வாசிக்கட்டும், உன்னோடு நின்று கஞ்சி ஊற்றுகிறவர்களும் வாசிக்கட்டும்.

நம் ஊரில் அந்த வெள்ளம் வந்தபோது நீ திருவனந்தபுரத்தில் காலேஜில் இருந்தாய். இப்போது மாதிரி நினைத்தால் பஸ் ஏறி வருகிற காலம் இல்லை, பாதையும் அறுந்து கிடந்தது. ஆடி மாதம். முதல் போகமான கன்னிப்பூப் பயிர் பால் பிடித்து நின்ற நேரத்தில் ஊர்க்குளத்தின் கரை உடைந்து, வயலும் வயலுக்குக் கீழே இருந்த மண் வீடுகளும் ஒன்றாகப் போயின. தண்ணீர் வடிந்த பிறகு நானும் உன் அப்பாவும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். உன் மனைவி சாகுபடி வீட்டுப் பெண் இல்லை, அவளுக்காகச் சொல்கிறேன்: நம் நாஞ்சில் நாட்டில் விதைநெல்லைச் சாக்கில் வைக்க மாட்டார்கள். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, நெல்லை அதற்குள் வைத்து இறுகச் சுற்றி, பெரிய பூசணிக்காய் போல உருட்டிக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். விதைக்கோட்டை என்று பேர். பரணோடு சரிந்து தண்ணீரில் ஊறிய அந்தக் கோட்டைகள் வீட்டுக்கு வீடு முற்றத்தில் கிடந்தன. வைக்கோலைத் துளைத்துக்கொண்டு எல்லாம் முளைத்திருந்தது. பார்ப்பதற்குப் பச்சைப்பசேலென்று அவ்வளவு அழகு. அதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது எனக்கு வீட்டில் சோறு இல்லாததுதான் கண்ணில் பட்டது. முளைத்துப்போன கோட்டை கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

நம் சபைக் கோயில் வளாகத்தில் கஞ்சித்தொட்டி வைத்தது, பெண்கள் சமைக்கும்போதெல்லாம் எடுத்துவைக்கிற பிடியரிசியைக் கொண்டு தொடங்கியது, உன் அப்பா உபதேசியார் வேலையைப் பாதியாக்கிக்கொண்டு விறகு சுமந்தது, இதெல்லாம் உனக்குத் தெரிந்த பாதி. முதலில் நாங்களும் அரிசியாகத்தான் கொடுத்தோம். மாசிலாமணி என்று ஒரு கொத்தன், தன் பங்கை வாங்கிக்கொண்டு நேரே கள்ளுக்கடைக்குப் போய், ஆராதனை முடிந்து சனங்கள் வெளியே வருகிற நேரத்தில் கோயில் வாசலிலேயே விழுந்து கிடந்தான். உன் அப்பாவுக்குக் கள்ளு என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும். அன்றே சட்டம் போட்டார்: இனி யாருக்கும் கையில் தானியம் இல்லை, கஞ்சி மட்டும்தான், அதுவும் இங்கேயே உட்கார்ந்து குடிக்க வேண்டும். அவரைக் காட்டிலும் எனக்குத்தான் அந்தச் சட்டம் அதிகமாகப் பிடித்திருந்தது. மாசிலாமணி ஒருத்தன் விழுந்தான். விழாத மற்றவர்களையும் நாங்கள் அவனாகவே பார்க்கத் தொடங்கினோம்.

பிறகு நெல் வந்தது. கோட்டாறு கடைத்தெருவில் மண்டி வைத்திருந்த ஒரு சாயபு, கேட்காமலே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து நெல் வரவழைத்து வண்டிகளில் அனுப்பியிருந்தார். கனத்த மணி, பதர் இல்லாத நெல். கஞ்சித்தொட்டிப் பெண்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், இனி ஆவணி முடிகிறவரை கவலை இல்லை என்று. சாக்கில் வந்ததனால் அது சாப்பாட்டு நெல் என்பதில் எங்களில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. கணவாய்க்கு அப்பால் விதையையும் சாக்கில்தான் கட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? வண்டிக்காரர்களையாவது, தெரிந்தவர்களையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய செம்பு அண்டாக்களைக் கழுவி, அவிக்கிறதற்கு அடுப்புக் கூட்டினோம்.

அப்போதுதான் பொன்னையன் வந்தான். குளத்தங்கரைக்குக் கீழே ஒரு துண்டு வயலைக் குத்தகைப் பாட்டத்துக்குப் பயிர்செய்துகொண்டிருந்தானே, மேல்வரிசைப் பல் ஒன்று உடைந்து, சிரித்தால் விசில் அடிக்கிற மாதிரி இருக்கும் என்று நீ கேலி செய்வாயே, அவன்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கக்கத்தில் காய்ந்த வைக்கோலும், முறுக்கிய பிரியும் வைத்திருந்தான். சாக்கின் ஓரத்திலிருந்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“அம்மா, எனக்க வீட்டுக்குள்ள கஞ்சி நாளையில இருந்து வேண்டாம். அதுக்குள்ளதை நெல்லாட்டு தாருங்க.”

கஞ்சிப் பங்குக்குப் பதிலாக நெல்லாக வாங்கி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். நாற்றுப் பாவ வேண்டும் என்றான். தண்ணீர் வடிந்துவிட்டது, இந்த ஈரத்தை விட்டால் அடுத்த போகமான கும்பப்பூவும் போய்விடும் என்றான். செம்புக்குப் பக்கத்தில் நின்ற ஞானம்மை, அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே, “சாக்குல வந்த நெல்லு நாத்தாவுமா? கள்ளாட்டு வேணும்னா ஆவும்” என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தோம். எல்லாரும் என்றால் நானும்தான்.

அவன் கோபப்படவில்லை. “குடிக்கியவன்தான் அம்மா நான், இல்லேன்னு சொல்லல்ல. வெதைய வித்துக் குடிச்சிருக்கேனான்னு எனக்க பெஞ்சாதிகிட்ட கேளுங்க” என்றான்.

“எல்லாருக்கும் ஒரே சட்டம் பொன்னையா. ஒனக்கு நெல்லாட்டு தந்தா நாளைக்கு எல்லாவனும் வந்து நிப்பான்.”

“நிக்கட்டுமே அம்மா. எல்லாவனுக்கும் வயலு கெடக்கே.”

நான் மறுபடியும் சட்டத்தையே சொன்னேன். உன் அப்பாவும் வந்து, பொறுமையாகத்தான், நெல் வெளியே போகாது என்று சொல்லிவிட்டார். விற்றுக் குடிப்பதற்கு வந்தவன் வைக்கோலும் பிரியும் முறுக்கிக்கொண்டு வருவானா என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மழை நாட்களில் காய்ந்த வைக்கோலை அவன் எங்கே தேடி எடுத்தான் என்றும் தோன்றவில்லை. அவன் அதை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் போனான். விறகு ஈரமாக இருந்து புகைந்துகொண்டே இருந்தது. ஞானம்மை அந்த வைக்கோலை எடுத்து அடுப்பில் திணித்தாள், தீ நன்றாகப் பிடித்துக்கொண்டது. நெல் அவிகிற மணம் ஊர் முழுவதும் போயிற்று. உனக்கு அன்று நான் எழுதின கடிதத்தில் அந்த மணத்தைப் பற்றிக்கூட எழுதியிருந்தேன். பொன்னையனைப் பற்றி எழுதவில்லை, எழுதும்படி ஏதோ நடந்தது என்றே நான் நினைக்கவில்லை.

மறுநாள் அவனும் பெஞ்சாதி செல்லம்மையும் பிள்ளைகளும் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். பிலாவிலையைக் கரண்டி போலக் கோட்டிக் கஞ்சியைக் கோரிக் குடித்தான். இன்னும் ஊற்றட்டுமா என்று கேட்டேன், போதும் என்றான்.

புரட்டாசியில் உன் அப்பா சபை வேலையாகக் கோட்டாற்றுக்குப் போயிருந்தார். சாயபுவைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று மண்டிக்குள் ஏறியிருக்கிறார். அந்த மனிதர் எழுந்து நின்று, இவர் வாயைத் திறக்கும் முன்னால், “வாங்க உபதேசியாரே, நாத்து எப்படி வந்திருக்கு?” என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து துண்டை உதறிப் போட்டுவிட்டு, “அது வெதைநெல்லு” என்றார். சாப்பிட வரவில்லை. அதற்குப் பிறகு அந்த நெல்லைப் பற்றி எங்கள் இருவருக்குள் பேச்சே இல்லை. ஆனால் ஊரும் சபையும் பேசின. உபதேசியாரும் அவர் வீட்டம்மாளும் ஊரையே சாகாமல் காத்தார்கள் என்று பேசின. அது பொய்யும் இல்லை. அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் செத்திருப்பார்கள்தான். பொய் இல்லாததனால்தான் அந்தப் பேச்சை என்னால் நிறுத்த முடியவில்லை. உன் தங்கை கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் எடுத்துச் சொன்னார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருசம் கும்பப்பூவில், விதை கைவசம் இருந்த பெரிய வீடுகளின் வயல் மட்டும் பச்சையாக இருந்தது. குளத்தங்கரைக்குக் கீழே வெறும் சேறு. எதிர்பார்க்க ஓர் அறுவடையும் இல்லாததனால் கஞ்சித்தொட்டியை நிறுத்த முடியவில்லை, கொடுக்கிறவர்களோ சலித்துப்போனார்கள். கஞ்சி வரவரத் தண்ணீராகி, கார்த்திகையில் நின்றேபோயிற்று. பயிர் வைக்காத பாட்டக்காரனை எந்த வயல்காரன் வைத்துக்கொண்டிருப்பான்? பொன்னையனிடமிருந்து வயலை வாங்கி வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி வந்தபோது, அந்தத் தெருவில் பாதிப் பேர் அவன் பின்னால் மலைக்குப் போனார்கள். போகிற அன்று பொன்னையன் நம் வீட்டுக்கும் வந்து சொல்லிக்கொண்டு போனான். வழிக்கு அவல் இடித்துக் கொடுத்தேன். அதையும் நான் கொடுக்கிறவளாகவே இருந்துதான் கொடுத்தேன், பார்த்துக்கொள்.

பல வருசம் கழிந்து, உன் அப்பா கர்த்தருக்குள் நித்திரையான பிறகு, உன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது குழித்துறைச் சந்தையில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். செல்லம்மை. மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்காக மலையிலிருந்து வந்தவள், திரும்பிப் போகிற வழியில் சந்தைக்கு வந்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள், ஆனாலும் என்னைக் கண்டதும் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பொன்னையன் மலைக்காய்ச்சலில் போய்விட்டான் என்றாள். கொழுந்து கிள்ளுகிற வேலையில் அவன் கடைசிவரை தேறவில்லையாம். “நாத்து நடச் சொன்னா நூல் புடிச்சாப்பல நடுவாரு. மலையில அது ஆருக்கு வேணும்?” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அன்றைய நெல்லைப் பற்றிப் பேச்செடுத்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அன்றைக்கு அவன் கேட்டதைக் கொடுத்திருக்க வேண்டும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவள் என் கையை விடவில்லை.

“அம்மைக்க கஞ்சி இல்லேன்னா அண்ணைக்கே எங்களைக் குழியில வச்சிருப்பாவ. கஞ்சி நல்லாத்தான் இருந்து அம்மா. என்ன, மறுநாளும் பசிச்சு.”

இதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இருந்ததென்று தெரிந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பிறகு அவள், தங்கள் வயல் இப்போது யாரிடம் இருக்கிறது, பச்சையாகக் கிடக்கிறதா என்று கேட்டாள். பச்சையாகத்தான் கிடக்கிறது என்றேன். நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். அவள் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. என் பேரப்பிள்ளைகளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவள் நான்.

மக்களே, உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. குட்டநாட்டு வயலை நான் கண்டதும் இல்லை. உனக்கு வந்திருக்கிற நெல் விதைக்கு ஆகுமோ ஆகாதோ, எனக்கு எப்படித் தெரியும்? உனக்கும் தெரியாது, அதைத்தான் சொல்லவருகிறேன். அவிக்கிறதற்கு முன்னால் ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வை. முளைக்காவிட்டால் தாராளமாக அவித்துக் கஞ்சி காய்ச்சு, பசிக்கிற பிள்ளை நாற்று வளருகிறவரை காத்திருக்காது. முளைத்தால், வயல் உள்ளவர்களைக் கூப்பிட்டு, உனக்குக் கஞ்சியாக வேண்டுமா நெல்லாக வேண்டுமா என்று கேள். நெல்லாக என்று சொல்கிறவனிடம் எதற்கு என்று கேட்காதே. அவன் பெஞ்சாதியைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்காதே. அவன் வாயில் கள்ளு மணம் வந்தாலும் கேட்காதே. கொடுத்ததை ஒருத்தன் கடையில் கொண்டுபோய்க் குடித்துவிடுவான். நிச்சயமாக ஒருத்தன் குடிப்பான், உன் பள்ளிக்கூட வாசலிலேயே வந்து விழவும் விழுவான். ஊரார் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், மேலே உள்ளவர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். அந்த ஒருத்தனுக்குப் பயந்து மற்றவர்களின் விதையை உலையில் போட்டவள் சொல்கிறேன். விதைத்தது அறுப்புக்கு வருகிறவரைக்கும் கஞ்சியும் ஊற்ற வேண்டும், இரண்டையும் செய்வதற்கு உனக்குக் கைக்கு எட்டுமோ என்னவோ, எட்டாவிட்டால் இங்கே சபையில் கேட்டு எழுது. பிடியரிசிப் பானை இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. இந்த முறை யாருக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சட்டம் சொல்ல மாட்டோம்.

கஞ்சித்தொட்டி முன்னால் சட்டியும் கையுமாகச் சனங்கள் நிற்க, நீ அகப்பையோடு நடுவில் நிற்கிற போட்டோ ஒன்றைப் பத்திரிகைக்காக எடுத்தார்கள் என்றும், எனக்கு ஒரு பிரதி அனுப்புவதாகவும் எழுதியிருந்தாய். அது வேண்டாம். வேறு புதிதாக ஒன்று எடுத்து எனக்கு அனுப்பு, அவசரம் இல்லை, விதைத்து முளை வெளியே தெரிகிறவரை பொறுத்திருந்து எடு. வயல் யாருடையதோ அவனை நடுவில் நிறுத்து, அவன் வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூட நிறுத்து, எல்லாரும் வரப்பில் நிற்கட்டும். நீ ஓரமாக நின்றால் போதும். எனக்குக் கண் மங்கிப்போயிருக்கிறது, படம் எடுக்கிறவரிடம் சொல்லி வயல் நன்றாகத் தெரியும்படி எடுக்கச் சொல்.

உன் அம்மா.